ஆறு நோட்எம்சியு, நாலு கோளாறு, எல்லாத்துக்கும் ஒரே பேர் "டிரைவர் பிரச்சினை"

போன வருஷம் பெரும்போக விதைப்பு முடிஞ்ச கையோட, மழை இன்னும் இறங்காத ஒரு வெள்ளிக்கிழமை ராவு, மட்டக்களப்பு வாவிக்கு அங்கால படுவான்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில டெக்னோலொஜி படிப்பிக்கிற சேர் ஒருத்தர் கோல் எடுத்தார். "தம்பி, புள்ளைகள் காசு சேத்து ஆறு நோட்எம்சியு வாங்கினதுகள், நாலு செத்துட்டு. ரெண்டை டவுணில ஒரு ரிப்பேர் கடையில காட்டினம், பழுது, புதுசு வாங்குங்க எண்டு திருப்பித் தந்துட்டாங்க. நாளைக்கு ஒருக்கா வந்து பாப்பிங்களா?" எண்டு கேட்டார். நோட்எம்சியு எண்டது கொம்பியூட்டரால புரோகிராம் ஏத்திப் பாவிக்கிற, வைஃபை உள்ள ஒரு சின்ன சேர்க்கிட் போர்டு. ஒரே பார்சலில வந்த ஆறில நாலு செத்துப்போறது எண்டது எனக்கு நம்பக் கஷ்டமா இருந்திச்சு, அதோட அந்த விலைக்கு இன்னொருக்கா வாங்குற வசதி அந்தப் புள்ளைகளுக்கு இல்லை எண்டும் எனக்குத் தெரியும், அதால சனிக்கிழமை வெள்ளெனவே கல்லடியில இருந்து வெளிக்கிட்டன். காத்தான்குடியில ஒரு நானாட கடையில மைக்ரோ யுஎஸ்பி கேபிள் ரெண்டு எடுத்தன். "டேட்டா போற கேபிள்தானே நானா?" எண்டு கேட்டு, கடையிலயே என்ட போன லெப்டொப்பில சொருகி ஃபைல் திறக்குதா எண்டு பாத்துட்டுத்தான் காசு குடுத்தன். பிறகு ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாலத்தால அங்கால. 2014ல அந்தப் பாலம் திறக்க முன்னம் பாதை எண்டு நாங்க சொல்ற மிதவையில மோட்டார் சைக்கிள ஏத்திட்டு வாவிக்கு நடுவில நிண்டு காத்துக்கொண்டிருந்த காலம் ஞாபகம் வந்திச்சு.

புள்ளைகள் செய்யிற வேலை என்னண்டா, வயல் வாய்க்காலுக்கு மேல ஒரு அல்ட்ராசோனிக் சென்சர் வெச்சு தண்ணி மட்டத்த அளந்து, கூடினா போனுக்குத் தகவல் அனுப்புறது. உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறந்தா கீழ இருக்கிற வயல்காரருக்கு எவ்வளவு சுறுக்கா தெரியணும் எண்டு அங்க வாழுற ஆக்களுக்குத்தான் விளங்கும். சும்மா மார்க்ஸ்க்கு செய்யிற புரொஜெக்ட் இல்ல. அதில ஒரு புள்ளைட அப்பாட வயல் அந்த வாய்க்கால் கரையிலதான்.

லேப்ல அஞ்சு டெஸ்க்டொப், எல்லாம் வின்டோஸ் 10. ஆறாவது சேர்ட லெப்டொப், அதில வின்டோஸுக்குப் பதிலா உபுண்டு 22.04 எண்ட லினக்ஸ். ஆறு போர்டும் நோட்எம்சியு வி3, கொம்பியூட்டரோட கதைக்கிற யுஎஸ்பி சிப் சிஎச்340ஜி. ரெண்டு டெஸ்க்டொப்பில மட்டும் புரோகிராம் ஏறுது. மத்த நாலிலயும் என்ன எண்டு கேட்டா எல்லாரும் ஒரே குரலில "டிரைவர் பிரச்சினை அண்ணன்" எண்டாங்க. டிரைவர் எண்டது சொருகுற சாமானோட கொம்பியூட்டர் கதைக்கத் தேவையான சின்ன மென்பொருள். ஒரு பெடியன் அஞ்சு வெப்சைட்டில இருந்து அஞ்சு டிரைவர் இறக்கிப் போட்டிருக்கான், அதில ஒண்டு டிரைவர் அப்டேட்டர் எண்ட பேரில வந்த விளம்பரக் குப்பை. இன்னொரு மெஷின ஃபோர்மட்டே பண்ணிட்டாங்க, போன பேட்ச் புள்ளைகள்ட புரொஜெக்ட் ஃபோல்டர் எல்லாம் அதோட போயிட்டு. எனக்கு அதக் கேட்டதும் நெஞ்சு கனத்துப்போச்சு. இந்த நிகழ்வ இவ்வளவு விரிவா எழுதுறதே அதாலதான், ஏனெண்டா அந்த மெஷின்ல டிரைவர் பிரச்சினையே இருக்கல்ல.

நான் முதல்ல செஞ்சது ஒரு மெஷினையும் தொடாம, ஓடுற ரெண்டு போர்டையும் ஓடுற ரெண்டு கேபிளையும் தனியா எடுத்து வெச்சது. ஒவ்வொரு மெஷினிலயும் ஒரு நேரத்தில ஒண்ட மட்டும் மாத்திப் பாக்கணும் எண்டு புள்ளைகளிட்ட சொன்னன், கேபிள மாத்தினா போர்ட மாத்தக்கூடாது, போர்ட மாத்தினா கேபிள மாத்தக்கூடாது. ரெண்டும் சேத்து மாத்தி அது வேலை செஞ்சா எதால வேலை செஞ்சது எண்டு கடைசி வரைக்கும் தெரியாது. பிறகு கேள்விகள். சொருகின உடன மெஷின் சத்தம் போடுதா? டிவைஸ் மேனேஜர்ல, அதாவது சொருகின சாமான்கள வின்டோஸ் காட்டுற பட்டியல்ல, ஏதாவது அசையுதா? பேரோட வருதா, அன்னோன் எண்டு வருதா? கொம் நம்பர், அதாவது போர்டோட கதைக்க வின்டோஸ் குடுக்கிற வழிட நம்பர், விழுதா? அந்தக் கொம் திறக்குதா? திறந்தா எழுத்து போய் வருதா? இந்த வழியில எந்த இடத்தில நிக்குது எண்டு பாத்தா, கோளாறு அதுக்கு முந்தின இடத்துக்கும் அந்த இடத்துக்கும் இடையிலதான் இருக்கும். டிரைவர் எண்டது இந்த வழியில ஒரே ஒரு படி மட்டும்தான்.

முதலாவது மெஷின் சுறுக்கா முடிஞ்சிட்டு. போர்ட சொருகினா நீல லைட் ஒருக்கா மின்னுது, ஆனா மெஷின்ல சத்தமே இல்ல, டிவைஸ் மேனேஜர் ஒரு சொட்டும் அசையல்ல. லைட் மின்னுறதப் பாத்துத்தான் புள்ளைகள் கேபிள் நல்லது எண்டு நினைச்சிருக்குதுகள். காத்தான்குடிக் கேபிள மாத்தினன், டிங் எண்டு சத்தம், உடன கொம்3. பழைய கேபிள் ஒரு பவர்பேங்கோட வந்தது. சேர்ட்ட கேட்டு அத பிளேடால நடுவில வெட்டி புள்ளைகளுக்குக் காட்டினன், உள்ள சிவப்பும் கறுப்பும் மட்டும்தான், பச்சையும் வெள்ளையும் இல்லவே இல்ல. சிவப்பும் கறுப்பும் கரண்டு, பச்சையும் வெள்ளையும்தான் டேட்டா போற வழி. அந்த ரெண்டு வயரும் இல்லாத கேபிளுக்கு உலகத்தில உள்ள எந்த டிரைவரப் போட்டும் பிரயோசனம் இல்ல, ஏனெண்டா சொருகினதே மெஷினுக்குத் தெரியாது. ஒரு புள்ள அந்தத் துண்ட எடுத்து கொப்பிக்குள்ள டேப் போட்டு ஒட்டி வெச்சிது.

ரெண்டாவது மெஷின், ஃபோர்மட் பண்ணினது. இதில சத்தம் வருது, ஆனா "அன்னோன் யுஎஸ்பி டிவைஸ், டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்ட்", கோட் 43. இந்த இடத்தக் கொஞ்சம் கவனிக்கணும். ஒரு சாமான சொருகின உடன கொம்பியூட்டர் அதிட்ட "நீ ஆரு" எண்டு கேக்கும், அது தன்ட கம்பனி நம்பரையும் சாமான் நம்பரையும் சொல்லும், அந்த ரெண்டு நம்பரையும் வெச்சுத்தான் வின்டோஸ் எந்த டிரைவர் எண்டு தேடும். சிஎச்340க்கு கம்பனி நம்பர் 1ஏ86, சாமான் நம்பர் 7523. கோட் 43ல அந்த மெசேஜ் வந்தா கேள்விக்குப் பதிலே ஒழுங்கா வரல்ல எண்டு அர்த்தம், டிரைவர் தேடுற கட்டத்துக்கே இன்னும் போகல்ல. கோட் 28 எண்டா அது வேற, அப்ப பதில் வந்துட்டு ஆனா டிரைவர் இல்ல, அதுக்கு டிரைவர் போடலாம். இங்க அதே போர்ட அதே கேபிளோட மெஷிண்ட பின்பக்க யுஎஸ்பி ஓட்டையில சொருகினன், உடன எடுத்திச்சு. முன்பக்க ஓட்டைய போன் டோர்ச் அடிச்சுப் பாத்தா உள்ள இருக்கிற தகடு பச்சையாப் பூத்துக் கிடக்கு. எங்கட பக்கம் கடலும் வாவியும் ரெண்டு பக்கமும், உப்புக்காத்து, லேப் ஜன்னல் எப்பவும் திறந்து கிடக்கு. மவுஸ் அதே ஓட்டையில ஓடுதே எண்டு பெடியன் கேட்டான், நல்ல கேள்வி. மவுஸ் மெதுவான வேகத்தில கதைக்கும், செக்கனுக்கு 1.5 மெகாபிட், சிஎச்340 12 மெகாபிட்டில கதைக்கும், அதால மோசமான தொடுப்பில மவுஸ் தப்பிடும் இது தடுமாறிடும். ஃபோர்மட் பண்ணினவன் அவன்தான், அழுதுடுவான் போல நிண்டான். "மனே, தெரியாம செஞ்சதுக்கு ஒண்டும் செய்யேலாது, இனி ஃபோர்மட் எண்டது கடைசி வேலை, அதுக்கு முதல் ஓட்டைய மாத்து" எண்டு சொன்னன்.

மூண்டாவதுதான் என்ன அரைநாள் பிடிச்சு வெச்சது.

அது வயல்காரர்ட மகள்ட போர்டு, ரிப்பேர் கடை பழுது எண்டு சொன்னதில ஒண்டு. சொருகினா சத்தம் வருது, டிவைஸ் மேனேஜர்ல "யுஎஸ்பி-சீரியல் சிஎச்340, கொம்5" எண்டு வடிவா நிக்குது, மஞ்சள் அடையாளம் ஒண்டும் இல்ல. இதப் பாத்தா ஆரும் டிரைவர் சரி எண்டுதான் சொல்லுவாங்க, அப்ப போர்டுதான் பழுது எண்டு முடிவெடுப்பாங்க, கடைக்காரரும் அப்படித்தான் நினைச்சிருக்கணும். அப்லோட் அமத்தினா கொம்5 திறக்கேலாது, பெர்மிஷன் எரர் 13 எண்டு சிவப்பில வருது. பெர்மிஷன் எண்ட சொல்லப் பாத்துட்டு அந்தப் புள்ள அட்மினாத் திறந்து பாத்திருக்கு, அன்டிவைரஸ நிப்பாட்டிப் பாத்திருக்கு, ஒண்டும் நடக்கல்ல. இந்த மெசேஜ கடைசி வரைக்கும் வாசிக்கணும். 13 எண்ட நம்பர் ரெண்டு வேற வேற கோளாறுக்கும் வரும், அந்த வரிட ஆகக் கடைசியில இன்னொரு நம்பர் இருக்கும், அதுதான் வின்டோஸ் சொல்ற உண்மையான காரணம். கடைசியில 5 இருந்து "அக்ஸஸ் இஸ் டினைட்" எண்டா வேற ஏதோ புரோகிராம் அந்தக் கொம்ம பிடிச்சு வெச்சிருக்கு, பெரும்பாலும் மூடாம விட்ட சீரியல் மொனிட்டர், அதாவது போர்டோட எழுத்து அனுப்பி வாங்குற ஜன்னல். கடைசியில 31 இருந்து "எ டிவைஸ் அட்டாச்ட் டு த சிஸ்டம் இஸ் நொட் ஃபங்ஷனிங்" எண்டா யாரும் பிடிச்சு வெக்கல்ல, டிரைவர் சிப்பிட்ட கேட்ட ஏதோ ஒண்டுக்கு சிப் சரியா மறுமொழி குடுக்கல்ல. இங்க வந்தது 31. ஆர்டுயினோ ஊனோ எண்ட இன்னொரு வகைப் போர்டிட கொப்பி வெச்சிருக்கிற ஆக்களுக்கு இதே கோளாறு "கான்ட் செட் கொம்-ஸ்டேட்" எண்ட வரியா வரும், பேர்தான் வேற.

அவட போர்ட ஓடுற மெஷின்ல சொருகினன், புரோகிராம் ஏறிட்டு. போர்டு உயிரோட இருக்கு! அந்தப் புள்ளைட முகத்தப் பாக்கணுமே. ஓடுற போர்ட அவட மெஷின்ல சொருகினன், அதுவும் 31. அப்ப கோளாறு போர்டோட போகல்ல, மெஷினோட நிக்குது. ரெண்டு மெஷினிலயும் டிவைஸ் மேனேஜர்ல கொம்முக்கு மேல ரைட் கிளிக், புரொப்பர்ட்டீஸ், டிரைவர் எண்ட பக்கம், ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வெச்சுப் பாத்தம். ஓடுற மெஷின்ல 3.5.2019.1. அவட மெஷின்ல 3.8.2023.2.

"தங்கச்சி, இந்த மெஷினுக்கு இன்டர்நெட் குடுத்தியா?"

"இல்ல அண்ணன்."

"போனால கூட?"

கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "லைப்ரரி ஒண்டு இறக்க ஹொட்ஸ்பொட் போட்டன் அண்ணன், போன கிழமை. அண்டைக்கு முதல் ஒருக்கா ஏறினது, பிறகுதான் ஏறல்ல" எண்டு சொன்னிச்சு.

அவ்வளவுதான் விஷயம். லேப்ல நெட் இல்ல, எல்லா மெஷினுக்கும் சேர் பென்டிரைவில இருந்து பழைய டிரைவரப் போட்டிருந்தார். இந்த மெஷினுக்கு மட்டும் நெட் கிடைச்ச உடன வின்டோஸ் அப்டேட் தன்ட பாட்டில புது டிரைவரக் கொண்டுவந்து போட்டுட்டு. புது டிரைவரில பிழை எண்டு நான் சொல்லமாட்டன். சந்தையில அசல் சிஎச்340 போல கொப்பியடிச்ச சிப் நிறையக் கிடக்கு, பழைய டிரைவரோட அது ஓடும், 2022க்குப் பிறகு வந்த டிரைவரோட பேர் வரும் நம்பர் வரும், திறக்கப் போனா மட்டும் விழும். இது உலகம் முழுக்க பல பேர் முட்டுப்பட்ட விஷயம். எங்கட ஆறு போர்டிலயும் அந்த 16 கால் சிப்புக்கு மேல கண்ணாடி வெச்சுப் பாத்தன், எழுத்தே இல்ல, மொட்டை. எழுத்து இல்லாதது மட்டும் போலிக்கு அத்தாட்சி இல்ல, அதால என்ட பையில இருந்த வேற ஒரு போர்ட எடுத்தன், அதில அசல் சிஎச்340சி. அவட மெஷின்ல அதே புது டிரைவரோட அது உடன திறந்திச்சு. இப்பத்தான் ரெண்டும் சேரணும் எண்டு விளங்கிச்சு, போலி சிப்பும் புது டிரைவரும், ஒண்டு மட்டும் எண்டா பிரச்சினை இல்ல.

டிரைவர் பக்கத்தில "ரோல் பேக் டிரைவர்" பட்டன் உயிரோட இருந்திச்சு, அமத்தினன், பழைய 3.5 திரும்பி வந்திச்சு, போர்ட கழட்டிச் சொருகினன், கொம்5 திறந்திட்டு. அதோட விடல்ல, புதுசத் திரும்பப் போட்டன், 31 வந்திச்சு, திரும்ப ரோல் பேக், திறந்திச்சு. கோளாற வேணுமெண்டே கொண்டுவரவும் போக்கவும் ஏலும் எண்டாத்தான் காரணம் கையில பிடிபட்டிருக்கு எண்டு நான் ஏத்துக்கொள்ளுவன். சில மெஷின்ல ரோல் பேக் பட்டன் மங்கிப்போய்க் கிடக்கும், அப்ப "அப்டேட் டிரைவர்" போய், "ப்ரௌஸ் மை கொம்பியூட்டர்", அதுக்குள்ள "லெட் மீ பிக்" எண்டத எடுத்தா மெஷினுக்குள்ள இருக்கிற பழசும் புதுசும் ரெண்டும் நம்பரோட வரிசையா வரும், பழசத் தெரிஞ்சா சரி. வின்டோஸ் புரோ எண்டா குரூப் பொலிசியில அப்டேட்டோட டிரைவர சேக்காத எண்டு ஒரு செட்டிங் இருக்கு, லேப் மெஷின் அஞ்சிலயும் அதப் போட்டு விட்டம்.

இந்தச் சண்டை புதுசில்ல. 2014ல, இதே மாதிரி யுஎஸ்பி சிப் செய்யிற எஃப்டிடிஐ கம்பனிட டிரைவர் ஒண்டு வின்டோஸ் அப்டேட்டால வந்து, போலி சிப்புகள்ட சாமான் நம்பர பூச்சியமா மாத்தி விட்டது, அதுக்குப் பிறகு அந்தச் சிப்புக்கு எந்த டிரைவர் எண்டு வின்டோஸுக்குத் தெரியாமப் போச்சு, பெரிய சத்தம் எழும்பி அந்த அப்டேட்ட எடுத்தாங்க. புரொலிஃபிக் கம்பனிட பிஎல்2303 சிப் போலியா இருந்தா டிவைஸ் மேனேஜரிலயே "இது புரொலிஃபிக் இல்ல, வித்தவரிட்ட கேளுங்க" எண்ட கருத்தில வரி வரும். கம்பனிக்கு தன்ட சிப்பப் பாதுகாக்குற நியாயம் இருக்கு, ஆனா இதில அடிபடுறது கொப்பியடிச்சவன் இல்ல, தெரியாம வாங்கின புள்ளைதான், அது எனக்கு எப்பவும் மனசில குத்தும்.

போர்டு பழுது எண்டு கடை சொன்னதால அந்தப் புள்ளைக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்திச்சு. அதால ஒண்டு செஞ்சு காட்டினன். ரீசெட்டுக்கான ஆர்எஸ்டி எண்ட காலையும் கிரவுண்டான ஜிஎன்டி எண்ட காலையும் ஒரு ஜம்பர் வயரால சேத்தன், அப்ப போர்டில இருக்கிற, புரோகிராம ஓட்டுற பெரிய சிப் நித்திரை, யுஎஸ்பி சிப் மட்டும் முழிப்பு. இன்னொரு வயரால எழுத்த அனுப்புற டிஎக்ஸ் காலையும் வாங்குற ஆர்எக்ஸ் காலையும் சேத்தன். சீரியல் மொனிட்டரத் திறந்து 12345 எண்டு அடிச்சு அனுப்பினா அதே 12345 திரும்பி வருது. டிஎக்ஸ் வயரக் கழட்டினா வரல்ல. போட்டா வருது. கேபிள், ஓட்டை, டிரைவர், யுஎஸ்பி சிப் நாலும் சரியெண்டதுக்கு இத விட நேரான சோதனை எனக்குத் தெரியாது, செலவு ரெண்டு வயர். பிறகு வயர் ரெண்டையும் எடுத்துட்டு வேகத்த 74880ல வெச்சு ரீசெட் அமத்தச் சொன்னன், "ஈடிஎஸ் ஜன் 8 2013" எண்டு ஒரு வரி விழுந்திச்சு. அது சிப்புக்குள்ளயே எழுதிக் கிடக்கிற வரி, பெரிய சிப் எழும்பினா முதல்ல இதத்தான் சொல்லும். 115200ல வெச்சா இந்த வரி குப்பை எழுத்தாத் தெரியும், அதப் பாத்தும் பல பேர் போர்டு பழுது எண்டு எறிஞ்சிருக்காங்க.

நாலாவது சேர்ட உபுண்டு. லினக்ஸ்ல சிஎச்340 டிரைவர் கேர்னல் எண்ட அடிப்படைப் பகுதியோடயே வரும், தனியாப் போடத் தேவையில்ல, அதால சேர் குழம்பிப்போயிட்டார். சொருகின சாமான்களக் காட்டுற எல்எஸ்யுஎஸ்பி கட்டளைய அடிச்சா 1ஏ86:7523 நிக்குது, ஆனா வின்டோஸ்ல கொம் மாதிரி இங்க வர வேண்டிய டிடிஒய்யுஎஸ்பி0 இல்ல. கேர்னல் எழுதி வெக்கிற குறிப்பக் காட்டுற டிஎம்இஎஸ்ஜி பாத்தா அது வந்து ஒரு செக்கனில கழண்டுபோற கதை எழுதியிருக்கு, பக்கத்தில பிஆர்எல்டிடிஒய் எண்ட பேர். அது கண் தெரியாத ஆக்கள் பிரெயில் கருவி பாவிக்கிற சேவை. ஒரு பிரெயில் கருவியும் இதே சிப்ப இதே நம்பரோட பாவிக்குது, அதால உபுண்டு 22.04ல இந்த சேவை எங்கட போர்ட பிரெயில் கருவி எண்டு நினைச்சு எடுத்துக்கொள்ளுது. நெட்டில தேடினா அந்த பெக்கேஜையே தூக்கு எண்டு சொல்லுவாங்க. நான் அப்படிச் செய்யல்ல, பள்ளிக்கூட லெப்டொப்ப எண்டைக்காவது கண் தெரியாத ஒரு புள்ள பாவிக்க வரலாம். 85-பிஆர்எல்டிடிஒய் ரூல்ஸ் ஃபைல்ல 1ஏ86:7523 வாற அந்த ஒரு வரிக்கு மட்டும் முன்னால ஹேஷ் போட்டு மூடினன், ரீஸ்டார்ட் பண்ணினன், டிடிஒய்யுஎஸ்பி0 நிலைச்சு நிண்டிச்சு. பிறகும் பெர்மிஷன் இல்ல எண்டிச்சு, அது சேர்ட யூசர், இந்த வழியத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குரூப்பில இல்லாதது, சேத்து லொக்அவுட் பண்ணி வந்த உடன ஏறிட்டு.

நாலு மணிக்கு ஆறு போர்டும் ஆறு மெஷின்ல ஓடிக்கொண்டிருந்திச்சு. அந்தப் புள்ள சென்சர மேசை விளிம்பில வெச்சு தரையப் பாக்க விட்டிருந்திச்சு, திரையில 74, 74, 75 எண்டு சென்டிமீட்டர் ஓடுது, ஒரு பெடியன் கீழ வாளிய வெச்சு தண்ணி ஊத்த ஊத்த நம்பர் இறங்கி வருது, 61, 58, 52. எல்லாரும் மெஷின விட்டுட்டு அதச் சுத்தி நிண்டாங்க. சேர் ஒரு வெள்ளைத்தாளில டிரைவர் நம்பர் 3.5.2019.1 எண்டு பெருசா எழுதி அஞ்சு மெஷினிலயும் ஒட்டினார், நான் அந்த டிரைவர் ஃபோல்டர சேர்ட பென்டிரைவில கொப்பி பண்ணிக் குடுத்தன். முன்பக்க யுஎஸ்பி ஓட்டை பூத்துக் கிடந்த மெஷினுக்கு இன்னும் புதுசு போடல்ல, அதுக்கு மேல டேப் ஒட்டி விட்டிருக்கம்.